டொமைன் திருட்டு: பூட்டு எந்தக் கதவில் இருக்கிறது?

போன வருடம் ஆடிப்பெருக்கு முடிந்த நான்காம் நாள் சிவகாசியிலிருந்து போன் வந்தது. காலண்டர், டைரி அச்சடிக்கும் அண்ணாச்சி ஒருவர். "தம்பி, நம்ம சைட்டை எவனோ ஹேக் பண்ணிட்டான். மெயிலும் வரமாட்டேங்குது. பாஸ்வேர்டெல்லாம் பலமாத்தானே வச்சிருந்தோம்?"

சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டருக்கான ஆல்பத்தை ஆடி 18 அன்றுதான் வெளியிடுவார்கள். ஆர்டர் வரத் தொடங்கும் வாரம். அந்த வாரத்தில் ஆர்டர் வருகிற மெயில் முகவரியே செத்துப்போனால் மனிதர் என்ன பாடுபட்டிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே நுழைந்து பார்த்தேன். சைட் இருக்கும் சர்வரில் ஒரு ஃபைலைக்கூட யாரும் தொடவில்லை. படங்கள், விலைப்பட்டியல் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அந்தப் பலமான பாஸ்வேர்டையும் யாரும் உடைக்கவில்லை. சைட்டின் பெயர் மட்டும், அதாவது டொமைன், வேறொரு கம்பெனிக்குப் போயிருந்தது.

இதையும் பொத்தாம்பொதுவாக "ஹேக்" என்றே சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்வதால் வரும் கஷ்டம் என்னவென்றால், திருடன் வந்தது ஒரு வாசல், நாம் பூட்டுப் போடுவது வேறு வாசல்.

கடை வேறு, வழி சொல்லும் ஆள் வேறு

பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "காலண்டர் அண்ணாச்சி கடை எங்கே?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்கிறீர்கள். அவர் கை காட்டிய பக்கம் போகிறீர்கள். ஒருநாள் அவர் இன்னொரு தெருவைக் கை காட்டுகிறார். அண்ணாச்சி கடை திறந்துதான் இருக்கிறது, விளக்கு எரிகிறது, சரக்கும் இருக்கிறது. ஆனால் ஒருவரும் வருவதில்லை. தபால்காரரும் அதே டீக்கடையில் விசாரிப்பவர் என்றால் கடிதங்களும் அந்த இன்னொரு தெருவுக்கே போகும்.

கடை என்பது ஹோஸ்டிங், அதாவது உங்கள் சைட்டின் ஃபைல்கள் இருக்கும் கம்ப்யூட்டர். டீக்கடைக்காரரின் பெயர் நேம்சர்வர். "இந்த டொமைனுக்குச் சைட் எங்கே, மெயில் எங்கே?" என்று உலகத்தில் எந்த கம்ப்யூட்டர் கேட்டாலும் பதில் சொல்வது அதுதான். எந்த டீக்கடையில் விசாரிக்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர், டொமைன் யார் கையில் இருக்கிறதோ அவர். அண்ணாச்சி கடைக்குப் பூட்டுப் போட்டிருந்தார். திருடனோ டீக்கடையை மாற்றிவிட்டான்.

சுருக்கமாகச் சொன்னால், டொமைன் போனால் சைட் மட்டுமல்ல, மெயிலும் சேர்ந்து போகும். ஹோஸ்டிங் பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டொமைன் யாரிடம் இருக்கிறது?

"டொமைன் வாங்கினேன்" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது வருடக் கணக்கில் கட்டணம் கட்டி வைத்துக்கொள்ளும் பதிவு. டாட் காம் என்றால் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 வருடம் வரை கட்டலாம்.

இதில் மூன்று பேர் இருக்கிறார்கள். முதலில் பதிவகம். ஒரு வால்பெயரின் (பெயரின் கடைசியில் வரும் டாட் காம், டாட் இன் போன்ற துண்டு) முழுப் பேரேட்டையும் வைத்திருக்கும் அமைப்பு அது. டாட் காமுக்கு வெரிசைன், டாட் இன்னுக்கு நிக்சி. இரண்டாவது ரெஜிஸ்ட்ரார். நாம் பணம் கட்டி டொமைன் எடுக்கும் கம்பெனி இதுதான், நம் சார்பில் பேரேட்டில் எழுதுவதும் இதன் வேலை. மூன்றாவது பதிந்தவர், அதாவது நீங்கள். டாட் காம், டாட் ஆர்க் போன்றவற்றுக்கு விதி போடுவது 1998இல் தொடங்கப்பட்ட ஐகான் என்ற அமைப்பு. டாட் இன், டாட் எல்கே போன்ற நாட்டு டொமைன்களுக்கு அந்தந்த நாட்டு விதி. கீழே நான் சொல்லும் நாள் கணக்கெல்லாம் டாட் காம் வகைக்கு உரியவை.

பேரேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உலகம் எடுத்துக்கொள்ளும். நிலத்தில் நடப்பது போலவே இங்கும் போலிப் பத்திரம் செல்லுபடியானதுண்டு. செக்ஸ்.காம் என்ற பெயரை கேரி கிரெமன் என்பவர் 1994இல் பதிந்தார். மறு வருடம் ஸ்டீபன் கோஹன் என்ற ஆள், கிரெமனின் கம்பெனி எழுதியது போல ஒரு போலிக் கடிதம் தயாரித்து ரெஜிஸ்ட்ராரிடம் கொடுத்து அந்தப் பெயரைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டார். கம்பெனியின் பெயர் 'ஆன்லைன் கிளாசிஃபைட்ஸ்'. கடிதத்தில் சொன்ன காரணம், எங்களுக்கு நேரடி இன்டர்நெட் இணைப்பு இல்லை, அதனால் எங்கள் சார்பில் நீங்களே ரெஜிஸ்ட்ராரிடம் சொல்லிவிடுங்கள் என்று கோஹனிடம் கேட்பது போல! பெயரிலேயே ஆன்லைன் வைத்திருக்கும் கம்பெனிக்கு இணைப்பு இல்லையாம். அதையும் நம்பி மாற்றிக் கொடுத்தார்கள். திரும்ப வாங்க கிரெமனுக்கு 2000 வரை ஆனது. அதன் தொடர்ச்சியான வழக்கில், டொமைனும் ஒரு சொத்துதான் என்று 2003இல் அமெரிக்காவின் 'ஒன்பதாவது சர்க்யூட்' மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

நம்பரை போர்ட் செய்வது மாதிரிதான்

இந்தியாவில் மொபைல் நம்பரை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியவர்களுக்கு இந்தப் பகுதி பாதி தெரிந்த கதை. 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எட்டு எழுத்தில் ஒரு குறியீடு வரும். அதைப் புதிய கம்பெனியில் கொடுத்தால் சில நாளில் நம்பர் அங்கே போய்விடும். நம்பர் அதேதான், பில் போடுபவர்தான் வேறு.

டொமைனை ஒரு ரெஜிஸ்ட்ராரிடமிருந்து இன்னொருவரிடம் கொண்டுபோவதற்கு டிரான்ஸ்ஃபர் என்று பெயர். அங்கேயும் ஒரு குறியீடு உண்டு. அதை ஆத் கோட் என்பார்கள், சில இடங்களில் இபிபி கோட் என்று போட்டிருக்கும். பழைய ரெஜிஸ்ட்ராரிடம் உங்கள் கணக்கில் நுழைந்து அதை எடுத்து, புதியவரிடம் கொடுக்க வேண்டும். உடனே பழைய ரெஜிஸ்ட்ராரிடமிருந்து உங்களுக்கு ஒரு மெயில் வரும். டொமைன் வெளியே போகப்போகிறது, வேண்டாம் என்றால் சொல்லுங்கள் என்று. அதற்கு 5 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடுவார்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தரம் படியுங்கள். நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தாலே டொமைன் போகும். எனக்கு இந்த விதி பிடித்ததே இல்லை. ஆனால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. வாடிக்கையாளரை விட மனமில்லாத கம்பெனி, 'பதில் வரவில்லை' என்று சாக்குச் சொல்லியே டொமைனைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது அல்லவா?

போர்ட்டிங்கில் இருக்கும் இன்னொரு தடுப்பும் இங்கே உண்டு. சிம் கார்டு மாற்றினால் 7 நாளுக்கு நம்பரை போர்ட் செய்ய முடியாது என்று 2024 ஜூலையிலிருந்து தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் விதி வைத்திருக்கிறது. ஏமாற்றி சிம் வாங்கியவன் கையோடு நம்பரையும் தூக்கிக்கொண்டு ஓடாமல் இருக்கத்தான். டொமைனில் அந்தக் காத்திருப்பு 60 நாள். புதிதாகப் பதிந்தாலும், ஒருமுறை டிரான்ஸ்ஃபர் ஆனாலும், பதிந்தவரின் பெயர் அல்லது மெயில் முகவரியை மாற்றினாலும் பொதுவாக 60 நாளுக்கு டொமைன் நகராது.

பேனிக்ஸ்: ஒரு சனிக்கிழமைக் கதை

நியூயார்க்கில் 1989இலிருந்து இன்டர்நெட் இணைப்புக் கொடுத்துவரும் பழைய கம்பெனி பேனிக்ஸ். 5 நாள் பதில் இல்லையென்றால் மாற்றிவிடலாம் என்ற அந்த விதி 2004 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இரண்டே மாதத்தில், 2005 ஜனவரி 15, சனிக்கிழமை, பேனிக்ஸ்.காம் ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு ரெஜிஸ்ட்ராருக்குப் போய்விட்டது. நேம்சர்வர் பிரிட்டனுக்கு, மெயில் கனடாவுக்கு. பேனிக்ஸ் வாடிக்கையாளர்களுக்கு வந்த கடிதங்களெல்லாம் முன்பின் தெரியாதவன் வாசலில் விழுந்தன.

வார இறுதி. ஆஸ்திரேலியாவில் போனை எடுக்க ஆளில்லை. பேனிக்ஸ்காரர்கள் 'அவசரத்துக்கு பேனிக்ஸ்.நெட்டைப் பயன்படுத்துங்கள்' என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சமாளித்தார்கள். ஆஸ்திரேலியாவில் திங்கட்கிழமை விடிந்த பிறகுதான் பெயர் திரும்பியது.

பிறகு விசாரித்தபோது தெரிந்தது இது. புதிதாக வாங்கும் ரெஜிஸ்ட்ரார், பதிந்தவரிடம் "நீங்கள்தான் கேட்டீர்களா?" என்று உறுதி செய்திருக்க வேண்டும். அந்த வேலையைத் தன் கீழிருந்த ஒரு மறுவிற்பனையாளரிடம், அதாவது தன்னிடமிருந்து வாங்கி டொமைன் விற்பவரிடம், விட்டிருந்தது. அவர் கேட்கவே இல்லை. இங்கே பேனிக்ஸின் எந்த கம்ப்யூட்டரையும் எவரும் உடைக்கவில்லை. ஒரு கேள்வி கேட்கப்படவில்லை, அவ்வளவுதான்.

பூட்டு இரண்டு வகை

முதல் வகை டிரான்ஸ்ஃபர் லாக். ரெஜிஸ்ட்ரார் கணக்கில் ஒரு பொத்தான். அதைப் போட்டிருந்தால் எவர் டிரான்ஸ்ஃபர் கேட்டாலும் பதிவகமே மறுத்துவிடும். காசு கிடையாது. பல ரெஜிஸ்ட்ரார்கள் தாங்களே போட்டு வைக்கிறார்கள்.

போட்டிருக்கிறதா என்று பார்க்க, ஐகானின் தேடல் பக்கத்தில் உங்கள் டொமைனைத் தட்டுங்கள். நிலை என்ற இடத்தில் கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரோஹிபிட்டட் என்று இருந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. அங்கே வெறுமனே ஓகே என்று இருந்தால் நிம்மதியாகப் பக்கத்தை மூடிவிடாதீர்கள். அண்ணாச்சியும் நானும் அப்படித்தான் ஒருமுறை மூடினோம். ஓகே என்றால் எல்லாம் நலம் என்று அர்த்தமில்லை, ஒரு பூட்டும் போடவில்லை என்று அர்த்தம்.

ஆனால் இந்தப் பூட்டுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. உங்கள் கணக்குக்குள் நுழைந்தவன் அதே பொத்தானைத் திருப்பி அழுத்திப் பூட்டைத் திறந்துவிடலாம். இன்னொன்று, டொமைனை எங்கும் கொண்டுபோகாமல், இருந்த இடத்திலேயே வைத்து நேம்சர்வரை மட்டும் மாற்றினால் டிரான்ஸ்ஃபர் லாக் தடுக்காது. டீக்கடைக்காரரை ஊரைவிட்டுக் கடத்தத் தேவையில்லை, பொய் வழி சொல்ல வைத்தால் போதும்.

அதற்குத்தான் இரண்டாவது வகை, ரெஜிஸ்ட்ரி லாக். இது பதிவகத்திலேயே விழும் பூட்டு. இதைத் திறக்கப் பொத்தான் கிடையாது. முன்பே பெயர் கொடுத்து வைத்த ஆள் போன் மாதிரியான தனி வழியில் தன்னை உறுதிப்படுத்தி, மனிதர்கள் கையால் திறக்க வேண்டும். நேம்சர்வர் மாற்றத்தையும் இது தடுக்கும்.

2013 ஆகஸ்டில் சிரிய எலெக்ட்ரானிக் ஆர்மி என்ற கும்பல், ஒரு மறுவிற்பனையாளரின் லாகினைக் கைப்பற்றி நியூயார்க் டைம்ஸின் நேம்சர்வரை மாற்றியது. பத்திரிகையின் சைட் பலருக்கும் திறக்கவில்லை. அதே கணக்கில் குறிவைக்கப்பட்ட வேறு சில பெயர்களில் இந்தக் கூடுதல் பூட்டு இருந்தது. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. (அந்த ரெஜிஸ்ட்ராரும், பேனிக்ஸைத் தெரியாமல் வாங்கிக்கொண்ட ஆஸ்திரேலியக் கம்பெனியும் ஒன்றே. எட்டு வருடத்தில் இரண்டு தரம், இரண்டு தரமும் மறுவிற்பனையாளர் வழியாக.)

ரெஜிஸ்ட்ரி லாக்குக்குத் தனிக் கட்டணம் உண்டு, எல்லா ரெஜிஸ்ட்ராரும் தருவதில்லை. வங்கிக்கும் பத்திரிகைக்கும் அவசியம். காலண்டர் கடைக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பூட்டு என்று தவறாக நினைக்கப்படும் இரண்டு பொருட்களையும் சொல்லிவிடுகிறேன். பிரைவசி புரொடெக்‌ஷன் என்று காசு வாங்குவார்கள். அது உங்கள் பெயரையும் போன் நம்பரையும் பொதுத் தேடலில் மறைக்கும், டொமைனைப் பூட்டாது. சில பிரவுசர்களில் தெரியும் எஸ்.எஸ்.எல். பூட்டுப் படம் சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் போகும் தகவலுக்கானது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

சாவி இருக்கும் இடம்

சரி, கணக்குக்குள் நுழைந்தால் பூட்டைத் திறந்துவிடலாம் என்றேன். கணக்குக்குள் எப்படி நுழைகிறார்கள்? பாஸ்வேர்டை யாரும் யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்துகிறார்கள். புதிய பாஸ்வேர்டுக்கான லிங்க், கணக்கில் எழுதியிருக்கும் மெயிலுக்குப் போகும். ஆத் கோடும் பல இடங்களில் அந்த மெயிலுக்குத்தான் போகும். 5 நாள் அவகாசம் சொல்லும் எச்சரிக்கையும் அதே மெயிலுக்குத்தான். ஆக, டொமைனின் உண்மையான சாவி அந்த மெயில் பெட்டி.

அண்ணாச்சி விஷயத்தில் நடந்தது இதுதான். சைட்டை எட்டு வருடத்துக்கு முன் மதுரையில் ஒரு டிசைனர் செய்து கொடுத்தார். டொமைனையும் அவரே பதிந்தார், தன் சொந்த மெயில் முகவரியில். ஒவ்வொரு வருடமும் அண்ணாச்சி பணம் அனுப்புவார், அவர் கட்டிவிடுவார். பிறகு டிசைனர் தொழிலை விட்டுவிட்டார். ஹோஸ்டிங் பாஸ்வேர்டு அண்ணாச்சி கைக்கு வந்தது, பணம் கட்டும் கார்டு நம்பரும் அவருடையதாக மாறியது, டொமைன் கணக்கில் இருந்த மெயில் முகவரியை மட்டும் யாரும் மாற்றவில்லை. டிசைனர் தன் கம்பெனி டொமைனுக்குக் கட்டணம் கட்டுவதையும் நிறுத்தினார். அது காலாவதியாகிச் சந்தைக்கு வந்தது. யாரோ சில நூறு ரூபாய்க்கு அதைப் பதிந்தார். டிசைனரின் பழைய முகவரிக்கு வரும் மெயிலெல்லாம் இப்போது புதியவருக்கு. அதில் ஒன்று, அண்ணாச்சியின் டொமைன் புதுப்பிப்பு நினைவூட்டல்.

மீதியை நீங்களே ஊகிக்கலாம். மறந்துவிட்டது, லிங்க், உள்ளே, கோட், டிரான்ஸ்ஃபர். நம் பெயரில் ஒருநாளும் இல்லாத கதவு வழியாக, ஒரு குற்றமும் சொல்ல முடியாத அளவுக்கு ஒழுங்காகப் போயிருக்கிறது. (பூட்டா? அந்தப் பழைய ஓகே அப்படியே இருந்தது.)

இதற்கு ஒரு தலைகீழ் வடிவமும் உண்டு. பலர் டொமைன் கணக்குக்கு அதே டொமைனின் மெயிலையே கொடுத்து வைக்கிறார்கள். கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் டொமைன் போனால் அந்த மெயிலும் போகும், மீட்கும் லிங்க்கும் திருடனிடமே போகும். வீட்டைப் பூட்டி உள்ளேயே சாவியை வைப்பது போல. டொமைன் கணக்குக்கு எப்போதும் வேறு இடத்து மெயில், அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. பாஸ்வேர்டுக்கு மேல் ஒரு குறியீடும் கேட்பதற்கு அந்தப் பெயர். குறியீடு எஸ்.எம்.எஸ்ஸில் வருவதைவிட போன் ஆப்பில் வருவது மேல். சிம்மை ஏமாற்றி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று மேலேயே பார்த்தோம்.

பொறுமைசாலித் திருடன்

60 நாள் காத்திருப்பு நம்மைக் காப்பாற்றிவிடும் என்று நினைப்பவர்களுக்கு பெர்ல்.காம் கதை. பெர்ல் என்ற புரோகிராமிங் மொழிக்கான சைட் அது, 1990களின் தொடக்கத்திலிருந்து இருக்கும் பெயர். 2021 ஜனவரி 27 அன்றுதான் அது கைமாறியது வெளியே தெரிந்தது. பின்னோக்கிப் பார்த்தபோது, கணக்கில் கைவைத்தது 2020 செப்டம்பரிலேயே என்று தெரியவந்தது. போலி ஆவணங்கள் காட்டி ரெஜிஸ்ட்ராரின் ஆட்களை நம்ப வைத்திருக்கலாம் என்பது அந்த சைட்டை நடத்தியவர்களின் கணிப்பு. விவரங்களை மாற்றிவிட்டுத் திருடன் சும்மா இருந்தான். 60 நாள் தாண்டியது. டிசம்பரில் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு நகர்த்தினான், ஆனால் நேம்சர்வரைத் தொடவில்லை. சைட் வழக்கம்போல ஓடியது, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜனவரியில் மூன்றாவது ரெஜிஸ்ட்ரார். அதன் பிறகுதான் வழியை மாற்றினான். 1,90,000 டாலர் என்று விலை போட்டுச் சந்தையிலும் வைத்தான். பிப்ரவரி தொடக்கத்தில் உரியவர்களுக்குத் திரும்பியது.

சைட் ஓடுகிறது என்பதாலேயே டொமைன் உங்களிடம் இருக்கிறது என்று ஆகாது. நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போல, இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் அந்தத் தேடல் பக்கத்தில் ரெஜிஸ்ட்ரார் பெயர், நிலை, கடைசியாக மாற்றிய தேதி மூன்றையும் பார்ப்பது நல்லது. ஒரு நிமிட வேலை.

போய்விட்டால்

முதலில் பழைய ரெஜிஸ்ட்ராரைப் பிடியுங்கள். புதியவருக்கு உங்களைத் தெரியாது. ரெஜிஸ்ட்ரார்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு அவசரத் தொடர்பு ஏற்பாடு இருக்கிறது. ஒருவர் அழைத்தால் மற்றவர் 4 மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதை உங்களால் நேரடியாகப் பயன்படுத்த முடியாது, உங்கள் ரெஜிஸ்ட்ரார்தான் செய்ய வேண்டும். அதனால் "சைட் ஹேக் ஆகிவிட்டது" என்று சொல்லி அழைக்காதீர்கள், கால் சென்டரில் உங்களை ஹோஸ்டிங் பக்கம் தள்ளிவிடுவார்கள். "என் அனுமதி இல்லாமல் டொமைன் டிரான்ஸ்ஃபர் ஆகியிருக்கிறது" என்று சொல்லுங்கள். இந்தியாவில் சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் போட்டு அதன் எண்ணையும் கூடவே கொடுங்கள்.

அப்புறம் ஆதாரம். அண்ணாச்சிக்குக் கைகொடுத்தது அவருடைய கணக்குப்பிள்ளை. எட்டு வருடப் பணம் அனுப்பிய ரசீதையும் டிசைனரின் பில்லையும் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்தார். டிசைனரைத் தேடிப்பிடித்து அவரிடமும் ஒரு கடிதம் வாங்கினோம். டொமைன் திரும்பி வர 19 நாள் ஆனது. அதற்குள் வந்திருக்க வேண்டிய ஆர்டர்கள் எத்தனை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது டொமைன் அவர் பெயரில், அவர் மகளின் மெயிலில் இருக்கிறது. போன் தொலைந்தால் பயன்படுத்தச் சொல்லிக் கணக்கு கொடுத்த பத்து மாற்றுக் குறியீடுகளை எங்கே வைப்பது என்று கேட்டார். பத்திரமான இடத்தில் என்றேன். மறுநாள் போனில் சொன்னார், ஆர்ட் பேப்பரில் அச்சடித்து, லேமினேஷன் போட்டு, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிட்டாராம். "ரெண்டு காப்பி எடுத்திருக்கேன் தம்பி. ஒண்ணு உங்களுக்கு அனுப்பட்டுமா?" என்றார். வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன்.